சம்பளம் கருவூலத்தில், நியமனம் தாளாளரிடம்

அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் அருட்சகோதரி ஒருவர் ஆசிரியையாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதா மாதம் கருவூலத்திலிருந்து அவர் பெயருக்குச் சம்பளம் வருகிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்துத் துறவு பூண்டவர் என்பதால் அதில் ஒரு ரூபாயையும் அவர் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. முழுவதும் சபைக்குப் போய்விடுகிறது. இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி பிடிக்கலாமா? கூடாது என்றது 1944இல் வெள்ளைக்கார அரசு வெளியிட்ட ஒரு சுற்றறிக்கை. நாடு விடுதலையாகி எத்தனையோ ஆட்சிகள் மாறியும் அந்த வழக்கம் மாறவில்லை. 2014ஆம் ஆண்டுக் கடைசியில் வருமான வரித்துறை விழித்துக்கொண்டது. துறவியர் சம்பளத்திலும் வரி பிடித்தம் செய்யுங்கள் என்று சம்பளம் வழங்கும் அலுவலர்களுக்குக் கடிதம் போனது. சபைகள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றன. தனி நீதிபதி சபைகளின் பக்கம் நின்றார். 2019 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

அந்த வழக்கில் சபைகள் வைத்த வாதம் விசித்திரமானது. துறவு பூணும்போதே அந்த மனிதர் திருச்சபைச் சட்டத்தின்படி உலக வாழ்வில் இறந்தவராகிவிடுகிறார். அவருக்குச் சொத்து இல்லை, சம்பாத்தியம் இல்லை. ஆகவே அந்தச் சம்பளத்தை அவர் வாங்குவதே இல்லை, சபைதான் வாங்குகிறது என்றார்கள். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. வேலை பார்த்தவர் அவர், ஊதியம் அவர் பெயரில், வாங்கிய பணத்தை அவர் யாருக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டது. வரி வழக்காக இதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் சமயச் சார்புள்ள பள்ளிகளுக்கு அரசுப் பணம் போகும் ஏற்பாட்டின் முடிச்சு முழுவதும் இதற்குள் இருக்கிறது. ஒரே ஆசிரியரை அரசு ‘என் சம்பளக்காரர்’ என்கிறது, நிர்வாகம் ‘எங்கள் ஆள்’ என்கிறது. இரண்டுமே பொய்யில்லை.

மதுரை கே.கே. நகர்ப் பக்கம் இந்த முடிச்சை அவிழ்ப்பதே பலருக்குப் பிழைப்பு. வக்கீல் பெயர்ப்பலகை இல்லாத தெரு இங்கே குறைவு. மாவட்ட நீதிமன்றம் பக்கத்திலேயே இருக்கிறது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை மேலூர் சாலையில் திறக்கப்பட்டதிலிருந்து தென்மாவட்டப் பள்ளிகளின் பிணக்குகள் எல்லாம் இந்த வழியாகத்தான் போய்வருகின்றன. அவற்றில் பெரும்பகுதியை ஆசிரியர்கள் தங்கள் பேச்சில் ‘அப்ரூவல் கேஸ்’ என்பார்கள். நிர்வாகம் ஒருவரை நியமித்திருக்கும். அவர் வகுப்புக்குப் போய்ப் பாடமும் நடத்திக்கொண்டிருப்பார். கல்வித்துறை மட்டும் அந்த நியமனத்துக்கு ஒப்புதல் தந்திருக்காது. ஒப்புதல் வராதவரை கருவூலத்தில் அவர் பெயர் ஏறாது. மூன்று, ஐந்து, சில சமயம் பத்து ஆண்டு சம்பளமில்லாமல், அல்லது நிர்வாகம் கையிலிருந்து தரும் சொற்பத் தொகையில் காலம் தள்ளிவிட்டு, கடைசியில் ரிட் மனுவோடு வந்து நிற்பார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். சமயப் பள்ளிக்கு அரசுப் பணம் என்றதும் உலகம் முழுக்க எழும் கேள்வி வகுப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்பதுதான். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் கல்வி உதவித்தொகையைச் சமயப் பள்ளிகளுக்கு மறுக்கக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோதும் விவாதம் அதைச் சுற்றித்தான் நடந்தது. தமிழ்நாட்டில் அந்தக் கேள்வி கிட்டத்தட்டத் தீர்ந்துபோன ஒன்று. எந்த உதவிபெறும் கத்தோலிக்கப் பள்ளியின் கால அட்டவணையையும் எடுத்துப் பாருங்கள். வாரத்தில் ஓரிரு பாடவேளைகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ‘மறைக்கல்வி’ என்றும், அதே நேரத்தில் மற்றவர்களுக்கு ‘நன்னெறி’ என்றும் எழுதியிருக்கும். மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். மறைக்கல்விக்காரர்கள் நோட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போவார்கள். மிச்சமிருப்பவர்களுக்கு டீச்சர் ஒரு நீதிக்கதை சொல்வார், அல்லது கணக்கு டீச்சர் அந்த நேரத்தைக் கடன் வாங்கிக்கொள்வார். புராட்டஸ்டன்ட் பள்ளிகளில் இதன் பெயர் வேதபாடம், முஸ்லிம் பள்ளிகளில் தீனியாத். மற்றபடி பாடநூல் அரசுடையது, தேர்வு அரசுடையது, காலையில் பாடுவது தமிழ்த்தாய் வாழ்த்து.

இந்த இடத்துக்கு வந்துசேர நூறாண்டுக்கும் மேல் ஆனது. மதுரைக்கு அமெரிக்க மிஷன் வந்தது 1834இல். அதுவும் அமெரிக்காவிலிருந்து நேராக வரவில்லை, யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த மிஷனின் கிளையாக வந்தது. திருமங்கலத்தில் தொடங்கிய அதன் பயிற்சிப் பள்ளி 1845இல் பசுமலைக்கு மாறியது. பிற்காலத்து அமெரிக்கன் கல்லூரியும் 1881இல் பசுமலையில் பிறந்ததுதான். அந்தக் காலத்து மிஷன் பள்ளியில் வேதபாடம் எல்லோருக்கும் கட்டாயம். பிள்ளைக்கு இங்கிலீஷ் வேண்டுமானால் பைபிளையும் சேர்த்துப் படிக்கட்டும் என்பதுதான் பேரம். ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். அரசு தன் சொந்தப் பாடத்திட்டத்திலும் பைபிளை நுழைக்கப் பார்த்தபோதுதான் பொறுமை போயிற்று. சென்னை ஆளுநர் ட்வீடேல் பிரபு முன்வைத்த அந்த யோசனைக்கு எதிராக 1846இல் சென்னை இந்துக்கள் கூட்டம் போட்டு, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துடன் லண்டனுக்கு மனு அனுப்பினார்கள். முன்னணியில் நின்றவர் ‘கிரசென்ட்’ பத்திரிகை நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டி. பின்னாளில் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

இந்தச் சூட்டுக்கு நடுவே 1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. மானியம் என்ற ஏற்பாட்டின் தாய்ப்பத்திரம் அது. தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு பணம் தரும்; கல்வி அதிகாரி வந்து கணக்கு, வாசிப்பு, எழுத்து எப்படி என்று பார்ப்பார்; அங்கே எந்தச் சமயத்தைச் சொல்லித்தருகிறார்கள் என்பதை அவர் கண்டுகொள்ளக் கூடாது. சமய நடுநிலை என்பதற்கு அன்றைய அர்த்தம், பார்க்காமல் இருப்பது. இதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. அரசு யாருக்கும் மதம் போதிக்கவில்லை என்று இந்துக்களிடம் சொல்லிக்கொள்ளலாம். பணமோ பெரும்பாலும் மிஷன்களுக்குப் போகும், ஏனென்றால் அன்றைக்குப் பள்ளி நடத்தும் நிலையில் இருந்தவர்கள் அவர்களே. ஆனால் நடுநிலை என்ற வார்த்தையைக் கொடுத்துவிட்டதால் அது பிறருக்கும் உதவியது. மதுரையில் சௌராஷ்டிரர்களும், விருதுநகர், சிவகாசிப் பக்கம் நாடார் உறவின்முறைகளும், வேறு பல ஊர்களில் செட்டியார், முதலியார் அறக்கட்டளைகளும் அதே மானிய விதியைப் பிடித்துக்கொண்டு பள்ளி கட்டினார்கள். மிஷன்களுக்காகத் திறந்த கதவு வழியாக ஊரே உள்ளே வந்துவிட்டது.

பார்க்காமல் இருப்பது என்ற ஏற்பாட்டில் ஓட்டை இருந்தது. வேறு பள்ளி இல்லாத ஊரில் மிஷன் பள்ளிக்குப் போகும் பிள்ளை வேதபாடத்திலிருந்து விலகிக்கொள்ள முடியுமா? இதற்கு ‘மனச்சாட்சி விதி’ வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் முதல் பகுதியில் சென்னை மாகாணத்தில் பெரிய வாதம் நடந்தது. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி அதை வலியுறுத்தியவர்களில் ஒருவர். கடைசியில் அது அரசமைப்பிலேயே ஏறிவிட்டது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் சமயபோதனை கூடாது. உதவிபெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் யாரையும் அவர் சம்மதமின்றி, சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதமின்றி, சமயவகுப்பில் உட்காரவைக்கக் கூடாது என்கிறது 28ஆம் பிரிவு. எல்லா மதத்தாரிடமும் வாங்கிய வரிப்பணத்தில் ஒரு மதத்தைக் கற்பிப்பது நியாயமாகாது என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். அந்தப் பிரிவுதான் கால அட்டவணையில் ‘மறைக்கல்வி / நன்னெறி’ என்று இன்று நாம் காணும் சாய்கோடு.

ஆக, வகுப்பறையின் சண்டை தீர்ந்தது. அலுவலக அறையின் சண்டை அப்போதுதான் தொடங்கியது. அதற்கு வித்திட்டது 30ஆம் பிரிவு. சமயச் சிறுபான்மையினரும் மொழிச் சிறுபான்மையினரும் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கலாம். உதவி வழங்கும்போது, சிறுபான்மையினர் நிர்வாகத்தில் இருக்கிறது என்பதற்காக அரசு பாகுபாடு காட்டக் கூடாது. இதில் ‘நிர்வகிக்கும்’ உரிமைதான் வழக்குகளின் ஊற்றுக்கண். நிர்வகிப்பது என்றால் என்ன? கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதா, பிரேயரை முடிவு செய்வதா, ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதா? நிர்வாகங்களைக் கேட்டால் மூன்றாவதைத்தான் சொல்வார்கள். உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதை முதலில் பகிரங்கமாகச் சீண்டியது கேரளம். 1957இல் ஈ.எம்.எஸ். அரசின் கல்வி மசோதா, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களைத் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கும் என்றது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். 1958இல் வந்த கருத்தைப் பலர் சிறுபான்மையினருக்கு முழு வெற்றி என்று நினைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. பள்ளியை அரசே எடுத்துக்கொள்ளும் பிரிவுகள் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குச் செல்லாது என்றது நீதிமன்றம். ஆனால் தேர்வாணையப் பிரிவை, சற்றுத் தயக்கத்தோடாவது, உதவிக்கான நிபந்தனையாக அனுமதித்தது. சட்டத்தில் கிடைத்ததை ஆட்சியாளர்கள் தெருவில் இழந்தார்கள். அரசுக்கு எதிராக ‘விமோசன சமரம்’ என்ற போராட்டம் வெடித்தது, 1959இல் ஆட்சி கலைக்கப்பட்டது, அடுத்து வந்த ஆட்சி அந்தப் பிரிவைக் கைவிட்டது. இன்றுவரை கேரளத்தில் உதவிபெறும் பள்ளி ஆசிரியரை நியமிப்பவர் மேனேஜர், சம்பளம் தருவது அரசு.

பாக் நீரிணைக்கு அப்பால் இதற்கு நேர் எதிரான காரியம் நடந்தது. 1960, 61ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசு உதவிபெறும் பள்ளிகளைச் சட்டம் போட்டுத் தன்வசம் எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கர் எதிர்த்தனர், சில பெரிய கல்லூரிகள் மட்டும் உதவியும் வேண்டாம், கட்டணமும் வாங்கவில்லை என்று தனித்து நின்றன. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளோடு, அவற்றுக்குப் போட்டியாக ஆறுமுக நாவலர் வழிவந்த சைவர்கள் கட்டிய பள்ளிகளும் அரசு வசமாயின. நியமன அதிகாரம் கொழும்புக்குப் போயிற்று. அதிகாரம் தலைநகரில் குவிந்தால் தமிழருக்கு என்ன ஆகும் என்பதைப் பிந்தைய ஆண்டுகளில் அவர்கள் கண்டார்கள். பள்ளிகளை எல்லாம் அரசே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நம்மூரில் சுலபமாகச் சொல்பவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு இரண்டுக்கும் போகவில்லை. காமராஜர் ஆட்சி சண்டைக்கு நிற்காமல் பணத்தைக் கொண்டு வேலையை முடித்தது. 1955இல் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, ஆயுள் காப்பீடு மூன்றையும் சேர்த்துக் கட்டிய திட்டம் வந்தது. தாளாளர் வைத்ததே சட்டம் என்றிருந்த ஆசிரியருக்கு, ஓய்வுக்குப் பிறகு அரசைப் பார்க்கலாம் என்ற பிடி கிடைத்தது. பிறகு வந்த ஆட்சிகள் சம்பளத்தை நேரடியாக்கின. முன்பெல்லாம் மானியம் தாளாளர் கைக்கு வரும். ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வேறு தொகை என்ற கதைகளைப் பழைய ஆசிரியர்கள் இன்றும் சொல்வார்கள். 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் பணிநீக்கத்துக்கும் தண்டனைக்கும் முறை வகுத்தது; சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அதில் சில விலக்குகள். இப்போது அதன் இடத்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

இவ்வளவும் நடந்தபோது நியமனத்தை மட்டும் யாரும் தொடவில்லை. சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம், பாடநூல், சீருடை, சத்துணவு எல்லாம் அரசு வழிக்கு வந்துவிட்டன. அந்த வேலையில் யாரை உட்காரவைப்பது என்பது ஆயர் இல்லத்திலோ ஜமாத்திலோ சங்கத்திலோ முடிவாகும். சிறுபான்மையினர் நிறுவனம் என்றால் அந்த நியமனத்தில் இடஒதுக்கீட்டுச் சுழற்சிமுறையும் கட்டாயமில்லை. டெல்லியின் சிந்தி கல்விச் சங்க வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. இடஒதுக்கீட்டுக்காக 1951இல் அரசமைப்பின் முதல் திருத்தத்தையே வரவழைத்த மாநிலத்தில், கருவூலச் சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கான பணியிடங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன. இது குறித்து இங்கே கட்சிகள் பேசுவதில்லை. வாக்குக் கணக்கு என்று ஒற்றை வரியில் ஒதுக்கிவிடலாம். உண்மை அதைவிடச் சிக்கலானது. அந்தப் பள்ளிகள் பலவற்றில் முதல் தலைமுறையாகப் படித்தேறிய ஒடுக்கப்பட்டோர் எண்ணிக்கை பெரிது. அந்த நன்றிக்கடன் விமர்சனத்தின் நாக்கைக் கட்டிவைத்திருக்கிறது.

இருந்தும் அதே நன்றிக்கடன்காரர்களுக்குள்தான் முணுமுணுப்பும் இருக்கிறது. திருச்சபைகளில் தலித் கிறிஸ்தவர்கள் நீண்ட காலமாக எழுப்பும் குறைகளில் நிறுவன வேலைவாய்ப்பு முக்கியமானது. சபையில் எண்ணிக்கையில் நாங்கள் அதிகம், பணியிடத்தில் குறைவு என்கிறார்கள். பிரிவு 30 ஒரு சமுதாயத்துக்கு உரிமை கொடுத்தது. அந்தச் சமுதாயத்துக்குள் யார் கையில் அந்த உரிமை இருக்கும் என்று அது சொல்லவில்லை. மொழிச் சிறுபான்மை விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. தெலுங்கோ மலையாளமோ ஒரு வகுப்பில்கூடக் கற்பிக்காத நிறுவனம், நிர்வாகிகளின் வீட்டுமொழியை வைத்து மொழிச் சிறுபான்மைச் சான்று வாங்கிவிடுகிறது.

கே.கே. நகருக்குத் திரும்பலாம். இங்கே பஸ் நிறுத்தத்துக்கே பெயர் கொடுத்திருக்கிற எம்.எஸ்.எஸ். வக்ஃபு வாரியக் கல்லூரி, பள்ளியில்லை என்றாலும் இந்த விஷயத்துக்கு நல்ல உதாரணம். நடத்துவது ஒரு மதரசாவோ ஜமாத்தோ இல்லை. சட்டத்தால் உருவாக்கப்பட்ட, அரசு உறுப்பினர்களை நியமிக்கும் வக்ஃபு வாரியம். பணம் பெருமளவு அரசு உதவி. படிப்பவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. கடந்த பத்தாண்டுக்குள் அங்கு நடந்த உதவிப் பேராசிரியர் நியமனங்களில் பணம் கைமாறியதாகப் புகார் எழுந்து, உயர் நீதிமன்றக் கிளை சிபிஐ விசாரணைக்கு உத்தரவிடும் அளவுக்குப் போனது. புகாரின் உண்மை நீதிமன்றத்தின் பொறுப்பு. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கல்லூரியைப் பற்றி ஊரில் எழுந்த பெரிய சர்ச்சை இஸ்லாத்தைப் பற்றியதாக இல்லை. வேலையைப் பற்றியதாக இருந்தது. மதச்சார்பற்ற அறக்கட்டளை நடத்தும் உதவிபெறும் கல்லூரியில் எழும் அதே புகார், அதே வகை.

வக்ஃபு வாரியத்துக்கு இணையாக இந்து சமய அறநிலையத் துறையை வைத்துப் பார்த்தால் சட்டம் எப்படிக் கிளை பிரிகிறது என்பது தெரியும். சென்னை கொளத்தூரில் கபாலீசுவரர் கோயில் பணத்தில் 2021இல் தொடங்கிய கல்லூரியில் வேலைக்கு இந்துக்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்ற அறிவிப்பை முஸ்லிம் ஒருவர் எதிர்த்தார். 2024இல் உயர் நீதிமன்றம் அவர் மனுவை ஏற்கவில்லை. கல்லூரி கோயிலுடையது, அரசு உதவி வாங்காமல் சுயநிதியில் நடக்கிறது என்பது காரணங்களில் ஒன்று. அதாவது அரசுப் பணம் வந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். அதே ஆண்டு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில், சட்டத்தால் உருவானது என்பதற்காகவே ஒரு நிறுவனம் சிறுபான்மைத் தன்மையை இழந்துவிடாது என்று 1967ஆம் ஆண்டின் அஜீஸ் பாஷா தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. வக்ஃபு வாரியம் நடத்துவது போன்ற நிறுவனங்களுக்கு இந்தத் தீர்ப்பு எப்படிப் பொருந்தும் என்பதில் கே.கே. நகர் வக்கீல்களுக்கு இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

இந்தச் சண்டைகளில் எல்லாம் காணாமல் போவது பிள்ளை. மாநிலத்தில் சுமார் 37,000 அரசுப் பள்ளிகளுக்கு 8,000க்கும் மேற்பட்ட உதவிபெறும் பள்ளிகள் உள்ளன. நாடு முழுவதும் கிறிஸ்தவச் சிறுபான்மையினர் பள்ளிகளில் படிப்பவர்களில் 74 விழுக்காட்டினர் கிறிஸ்தவரல்லாதவர் என்றது தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை. அந்த அறிக்கை இதைக் குற்றச்சாட்டு போலச் சொன்னது. நிர்வாகங்கள் பெருமையாக எடுத்துக்கொள்ளக்கூடிய எண் அது. மதுரையின் உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி வகுப்புக்குள் போய்ப் பார்த்தால் ஆட்டோ ஓட்டுநர், கட்டடத் தொழிலாளி, பூக்கட்டுபவர் வீட்டுப் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதே வளாகத்தில் சுவருக்கு அப்பால் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு இருக்கும். அங்கே கட்டணம், வேறு ஆசிரியர்கள், வேறு சம்பளம். பல இடங்களில் ‘எய்டட்’ பக்கம் ஆண்டுதோறும் மெலிந்துகொண்டே வருகிறது.

எய்டட் பக்கத்துப் பிள்ளையை அரசு தன் பிள்ளையாகப் பார்க்கிறதா? சில நாள் பார்க்கிறது, சில நாள் பார்ப்பதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது மதுரையில்தான், 2022 செப்டம்பர் 15 அன்று, ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். கிராமத்து உதவிபெறும் பள்ளிக்கு அந்த உப்புமா வந்து சேர 2024 ஜூலை வரை ஆனது. நகரத்து உதவிபெறும் பள்ளிக்கு 2025 ஆகஸ்ட் வரை. மாநகராட்சிப் பள்ளியில் அக்கா சாப்பிட்ட அதே காலையில், பக்கத்துத் தெரு உதவிபெறும் பள்ளியில் தங்கை சாப்பிடவில்லை. மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தபோது மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, உசிலம்பட்டிப் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் ‘அரசுப் பள்ளி’ என்ற வரையறைக்குள் வந்தன. உதவிபெறும் பள்ளி வரவில்லை, இன்றும் வரவில்லை. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கும்போது அரசுப் பள்ளியைப் போல, மாணவருக்கு இடம் கொடுக்கும்போது தனியார் பள்ளியைப் போல. எதிர்த்துக் கேட்க அந்தப் பெற்றோருக்குச் சங்கமும் இல்லை, ஆயர் மன்றமும் இல்லை.

அரசு தன் பணத்தின் எல்லையை 1991இலேயே வரைந்துவிட்டது. அந்தக் கல்வியாண்டு முதல் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று சட்டத்தில் பிரிவு சேர்த்தது. மானியம் அடிப்படை உரிமையில்லை, வேண்டுமென்றால் அதன் நிபந்தனைகளோடு வாங்க வேண்டும், இதில் சிறுபான்மை, பெரும்பான்மை என்ற வேறுபாடு இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 2021இல் ஓர் உத்தரப்பிரதேச வழக்கில் சொன்னது. ஆகையால் உதவிபெறும் பள்ளி என்பது இங்கே வளரும் இனமில்லை. இருப்பதைக் காப்பாற்றும் ஆட்டம்தான் நடக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் நிர்ணயிப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’. ஒரே நிர்வாகத்தின் பல பள்ளிகளில் ஓரிடத்தில் உபரி இருக்கும்போது, இன்னோரிடத்தில் புதிதாக ஆள் எடுத்துவிட்டு ஒப்புதல் கேட்பது சரியா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போயிற்று. முதலில் உபரியை நிரவல் செய்யுங்கள் என்ற திசையில்தான் பதில் வந்தது. நியாயமான பதில்.

என் பார்வையைச் சொல்லிவிடுகிறேன். சமயப் பள்ளிகளுக்கு அரசு உதவி தொடர வேண்டும். அவற்றை எடுத்துவிட்டால் மதுரையின் பெண்கல்வி வரலாற்றில் பாதியைக் கிழித்தெறிய வேண்டியிருக்கும். தல்லாகுளம், நரிமேடு பக்கம் ஓ.சி.பி.எம். பள்ளியும் லேடி டோக் கல்லூரியும் இல்லாத ஊரை நினைத்துப் பாருங்கள். வேதபாட வேளையும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கருவூலத்திலிருந்து முப்பது ஆண்டு சம்பளம் வாங்கப்போகும் ஒருவரை எந்த விளம்பரமும் இல்லாமல், மதிப்பெண் பட்டியல் எங்கும் ஒட்டப்படாமல், மூடிய அறையில் தேர்ந்தெடுக்கும் உரிமை ‘நிர்வகிக்கும் உரிமை’க்குள் அடங்காது. தாளாளரும் தலைமையாசிரியரும் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது புரிகிறது; மறைக்கல்வி ஆசிரியரும் அப்படியே. வேதியியல் ஆசிரியரின் ஞானஸ்நானச் சான்று எதற்கு?

இதற்கு முன்மாதிரி இருக்கிறது. உதவிபெறும் மதரசாக்களுக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க மேற்கு வங்கம் 2008இல் சட்டத்தின் மூலம் தனி ஆணையம் அமைத்தது. இஸ்லாமியக் கல்வியும் பண்பாடும் அறிந்தவர்களும் அதில் உண்டு. கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று மீட்டது. பொதுப் பாடங்களைக் கற்பிக்கத் தகுதி வாய்ந்தவரைத் தேர்ந்தெடுக்க முறை வகுப்பது சிறுபான்மை உரிமையை அழிப்பதாகாது என்பது அதன் சாரம். ஆறு ஆண்டாகியும் தமிழ்நாட்டில் இதை எடுத்துப் பேச ஒரு கல்வி அமைச்சரும் வரவில்லை. பேசினால் ஆயர்களும் ஜமாத்துகளும் மட்டும் எதிர்க்கப்போவதில்லை. சிறுபான்மையல்லாத தனியார் நிர்வாகங்கள், சாதிச் சங்கங்கள் எல்லாம் கைகோத்துக்கொள்ளும். நியமன உரிமை என்ற ஒன்றில் அவர்களிடையே மதநல்லிணக்கம் பூரணமாக இருக்கிறது.

அரசு தொடாத இடத்தை இப்போது தகுதித் தேர்வு தொட்டிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் தொடர்ச்சியாக 2010இல் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமானது. 2014இல் பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள், அந்தச் சட்டமே சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது, உதவி பெற்றாலும் பொருந்தாது என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் சிறுபான்மையினர் பள்ளி ஆசிரியருக்குத் தகுதித் தேர்வு தேவையில்லை என்றது. 2025 செப்டம்பர் 1 அன்று நீதிபதிகள் தீபங்கர் தத்தா, மன்மோகன் அமர்வு பிரமதி தீர்ப்பே சரிதானா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பரிசீலிக்கட்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அதே தீர்ப்பில் மற்ற பள்ளிகளுக்கு உத்தரவு உறுதியாக வந்துவிட்டது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை.

ஆகவே இன்று மதுரையில் ஒரே கல்வியியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்து, ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பட்டதாரி ஆசிரியைகளை எடுத்துக்கொண்டால், மாநகராட்சிப் பள்ளியில் இருப்பவர் 2027க்குள் தேற வேண்டுமே என்று நாற்பத்தைந்து வயதில் குழந்தை உளவியல் கையேட்டை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி மையத்தில் உட்கார்ந்திருக்கிறார். உதவிபெறும் கிறிஸ்தவப் பள்ளியில் இருப்பவருக்கு இப்போதைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெரிய அமர்வு என்ன சொல்லுமோ என்று அவருடைய தாளாளர் ஏற்கெனவே வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.